இருபதடி மண்ணுக்குக் கீழே ஓர் இடுகாடு

1755இல் பிரான்சிஸ் மேர்ஷால்க் என்ற நில அளவையாளரின் நியூயார்க் வரைபடம் வெளிவந்தது. ஊரின் வடக்கு ஓரத்தில், ஒரு குளத்துக்குப் பக்கத்தில், 'நீக்ரோக்களின் இடுகாடு' என்று அதில் எழுதியிருந்தது. அந்த வரைபடம் தொலையவும் இல்லை, எரியவும் இல்லை. இருநூறு வருடங்களுக்கும் மேலாக நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் பத்திரமாகவே இருந்தது.

1990இல் அமெரிக்க மத்திய அரசு, கீழ் மன்ஹாட்டனில் பிராட்வே தெருவை ஒட்டி 34 மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றைக் கட்ட நிலம் வாங்கியது. நகரசபைக் கட்டடத்திலிருந்து நடந்தே போய்விடும் தூரம். பழைய இடுகாட்டின் ஒரு பகுதி அந்த மனைக்குள் வருகிறது என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். வேலை தொடங்கும் முன் தயாரித்த அறிக்கையிலேயே அது இருந்தது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே எழுந்த கட்டடங்களின் நிலவறைகள் எல்லாக் கல்லறைகளையும் அழித்திருக்கும், மிச்சம் எதுவும் இருக்காது என்று அதே அறிக்கை முடிவுகட்டியிருந்தது.

அந்தக் கணக்கு தப்பிப்போனதற்கு ஒரு சந்துதான் காரணம். பழைய மனைகளுக்கு நடுவே ஓடிய அந்தச் சந்தில் யாரும் வீடு கட்டவில்லை, அதனால் நிலவறையும் தோண்டவில்லை. அதோடு அந்த இடம் முன்பு பள்ளமாக இருந்தது. நகரம் வடக்கே வளர்ந்தபோது பள்ளத்தை மேடாக்க லோடு லோடாக மண்ணைக் கொட்டினார்கள். ஏறத்தாழ இருபதடி மண் மேலே போர்த்தியதால், பின்னால் வந்த அஸ்திவாரங்கள் பல இடங்களில் கல்லறைகளின் ஆழத்துக்குப் போகவே இல்லை. 1991இல் அகழாய்வு தொடங்கிய சில மாதங்களிலேயே எலும்புகள் தெரிந்தன. முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் வரிசை வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்றாக. கடைசியில் 419 பேரின் எச்சங்களை வெளியே எடுத்தார்கள். தோண்டியது இடுகாட்டின் ஒரு மூலையை மட்டும்தான். ஆறு ஏக்கருக்கும் அதிகமான அந்த முழு நிலத்தில் பதினைந்தாயிரம் பேர் வரை புதைக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் வரலாற்றில் 'மறைந்துகிடந்தவை' என்று சொல்லப்படுகிற பல விஷயங்கள் இப்படித்தான் இருக்கின்றன. சான்று எங்கேயோ கண் முன்னாலேயே இருக்கிறது. நகரசபைத் தீர்மானங்களில், சட்டப் புத்தகத்தில், வரைபடத்தில் இருக்கிறது. அதைப் படித்தவர்களுக்கு அது தங்களைப் பற்றிய செய்தியாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மன்ஹாட்டன் இடுகாட்டை எடுத்துக்கொண்டால் இது நன்றாகப் புரியும்.

அடிமைமுறை என்றதும் நம் மனதில் வருவது அமெரிக்காவின் தென்பகுதி: பருத்திக்காடு, புகையிலைத் தோட்டம், மிசிசிப்பி ஆறு. பள்ளிப் பாடங்களும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தன. வடக்கு என்றால் விடுதலை, தெற்கு என்றால் அடிமைத்தனம். ஆனால் நியூயார்க்கின் கதை 1626லேயே தொடங்குகிறது. அப்போது ஊருக்கு நியூ ஆம்ஸ்டர்டாம் என்று பெயர், ஆட்சி டச்சு வணிக நிறுவனத்துடையது. அந்த நிறுவனம் பதினொரு ஆப்பிரிக்க ஆண்களை அடிமைகளாகக் கொண்டுவந்தது. அவர்கள் காடு வெட்டினார்கள், சாலை போட்டார்கள், கோட்டை கட்டினார்கள். இன்று உலகப் பணச்சந்தைக்கே பெயராகிவிட்ட வால் ஸ்ட்ரீட்டுக்கு அந்தப் பெயரைத் தந்த தடுப்புச்சுவரை எழுப்பியதிலும் அடிமைகளின் உழைப்பு இருந்தது.

1644இல் அந்தப் பதினொரு பேரும் தங்களை விடுவிக்கச் சொல்லி மனு கொடுத்து 'பாதி விடுதலை' வாங்கினார்கள். கொஞ்சம் நிலம் கிடைத்தது. பதிலுக்கு வருடாவருடம் நிறுவனத்துக்கு தானியமும் ஒரு பன்றியும் கொடுக்க வேண்டும், கூப்பிட்டால் வேலைக்கு வர வேண்டும். அந்தப் பத்திரத்தில் என்னை உறுத்துவது வேறொரு நிபந்தனை: அவர்களுடைய பிள்ளைகள், பிறந்தவர்களும் இனிப் பிறக்கப்போகிறவர்களும், நிறுவனத்தின் அடிமைகளாகவே இருப்பார்கள். அப்பன் சுதந்திர மனிதன், பிள்ளை அடிமை. கிடைத்த நிலமும் ஊருக்கு வடக்கே, பூர்வகுடிகளின் தாக்குதல் வந்தால் முதலில் தாங்க வேண்டிய இடத்தில் இருந்தது. இடுகாடும் பின்னாளில் அந்தப் பக்கத்தில்தான் அமைந்தது.

1664இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்ததும் பிடி இன்னும் இறுகியது. 1703இல் நியூயார்க்கில் ஐந்தில் இரண்டு குடும்பங்கள் அடிமை வைத்திருந்தன. பெரிய பண்ணையார்களோடு இது நிற்கவில்லை. ரொட்டி சுடுபவர், தச்சர், கப்பல் தளவாடம் செய்பவர் என்று சாதாரணக் குடும்பங்களும் அடிமை வைத்திருந்தன. 1711இல் வால் ஸ்ட்ரீட்டின் கிழக்குக் கோடியில், ஆற்றங்கரையில், அடிமைகளை விற்கவும் வாடகைக்கு விடவும் நகரசபையே சந்தை நடத்த ஏற்பாடு செய்தது. ஆங்கிலேயக் காலனி நகரங்களில் தெற்கே இருந்த சார்ல்ஸ்டனுக்கு அடுத்தபடி அதிக அடிமைகள் இருந்தது இங்கேதான். நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை முழுமையாக முடிவுக்கு வந்தது 1827 ஜூலை 4 அன்று. ஆக, இருநூறு வருடக் கதை.

இறந்த பிறகும் நிலைமை மாறவில்லை. 1697இல் டிரினிட்டி தேவாலயம் தன் கல்லறைத் தோட்டத்தில் கறுப்பர்களைப் புதைக்கக் கூடாது என்று தடை போட்டது. அதனால் அவர்களுக்கு மிஞ்சியது ஊருக்கு வெளியே இருந்த அந்தப் பள்ளம்தான். பக்கத்திலேயே மண்பாண்டச் சூளைகளும் தோல் பதனிடும் பட்டறைகளும் இருந்தன. உடைந்த பாத்திரச் சில்லுகளையும் பட்டறைக் கழிவுகளையும் இடுகாட்டின்மேலேயே கொட்டினார்கள். அகழாய்வில் அவையும் கிடைத்தன. கறுப்பர்களின் சவ அடக்கம் பகலில் மட்டுமே நடக்க வேண்டும் என்று 1722இல் ஒரு சட்டம் வந்தது. அடிமையின் சாவுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடக்கூடாது என்று 1731இல் இன்னொன்று. இரவுச் சடங்கு பல ஆப்பிரிக்கச் சமூகங்களின் வழக்கம். பகலெல்லாம் எஜமானுக்கு வேலை செய்கிறவர்களுக்கு ராத்திரிதான் நேரமும் கிடைக்கும். துக்கத்துக்குக் கூடுகிற கூட்டம் கலகத்துக்கும் கூடலாம் என்ற பயத்தில்தான் இந்தச் சட்டங்களைப் போட்டார்கள். 1712இல் ஒரு கிளர்ச்சி நடந்திருந்தது. 1741இல் சதி என்ற சந்தேகத்தின் பேரில் 13 கறுப்பின ஆண்களை உயிரோடு எரித்தார்கள், 17 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

1788 பிப்ரவரியில் நகரத்தின் கறுப்பர்கள், சுதந்திரமானவர்களும் அடிமைகளும் சேர்ந்து, நகரசபைக்கு ஒரு மனு கொடுத்தார்கள். மருத்துவ மாணவர்கள் இருட்டில் வந்து எங்கள் சொந்தங்களின் பிணங்களைத் தோண்டி எடுத்துப்போய் அறுத்துப் பார்க்கிறார்கள், தடுத்து நிறுத்துங்கள் என்று கெஞ்சினார்கள். அதற்கு யாரும் செவிசாய்க்கவில்லை. வெள்ளையர்களின் கல்லறைகளிலும் திருட்டு நடக்கிறது என்ற செய்தி பரவிய பிறகு, ஏப்ரலில் ஊரே கொதித்தெழுந்தது. மருத்துவர்களுக்கு எதிரான அந்தக் கலவரத்தைப் பற்றி அமெரிக்க மருத்துவ வரலாற்றில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். இரண்டு மாதம் முன்னால் வந்த மனு அதில் பல சமயம் ஒரு வரியோடு போய்விடுகிறது. எனக்கு அந்த மனுதான் பெரிதாகப் படுகிறது. தங்களுக்கென்று எந்த உரிமையும் இல்லாத காலத்திலேயே அந்த மக்கள் தங்கள் முன்னோரின் எலும்புகளுக்காக எழுத்தில் வழக்காடியிருக்கிறார்கள். 203 வருடம் கழித்து அவர்களின் வழிவந்தவர்கள் அதே இடத்தில் நின்று அதே வழக்கை மறுபடி பேச வேண்டிவந்தது.

1795 வாக்கில் இடுகாடு மூடப்பட்டது. நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றார்கள், பள்ளம் மேடானது. 1846இல் அமெரிக்காவின் முதல் பெரிய பல்பொருள் அங்காடிகளில் ஒன்றை அங்கே கட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. வேலை நிற்கவில்லை.

1991இலும் வேலை நிற்கவில்லை. எலும்புகள் கிடைத்த செய்தி அக்டோபரில் வெளியே வந்தது. அதன் பிறகும் ஒரு பக்கம் அகழாய்வு, மறுபக்கம் அஸ்திவாரம் என்று இரண்டும் கூடவே நடந்தன. 1992 பிப்ரவரியில் கட்டுமான வேலையில் சில கல்லறைகள் சிதைந்தன. கறுப்பின மக்கள் அந்த இடத்தில் இரவு விழிப்பு இருந்து பிரார்த்தனை செய்தார்கள், மறியல் செய்தார்கள். அப்போது நியூயார்க்கின் மேயராக இருந்தவர் டேவிட் டிங்கின்ஸ், அந்த நகரத்தின் முதல் கறுப்பின மேயர். அவரும் நிறுத்தச் சொன்னார். கடைசியில் பலன் தந்தது பணத்தின் மேல் வைத்த பிடி. மத்திய அரசுக் கட்டடங்களுக்கு நிதி ஒதுக்குவதை மேற்பார்வையிட்ட நாடாளுமன்றத் துணைக்குழுவின் தலைவர் கஸ் சாவேஜ், கறுப்பினத்தவர், 1992 ஜூலையில் விசாரணை நடத்தினார். தோண்டுவதை நிறுத்தாவிட்டால் இனி என் குழுவிடம் எந்தக் கட்டடத்துக்கும் அனுமதி கேட்டு வராதீர்கள் என்கிற தோரணையில் பேசினார். சில நாளில் அகழாய்வு நின்றது. பெரிய கோபுரம் எழுந்தது. அதை ஒட்டித் திட்டமிட்டிருந்த சின்னக் கட்டடம் மட்டும் கைவிடப்பட்டது. இன்று நினைவுச்சின்னம் இருப்பது அந்த வெற்றிடத்தில்தான். அதன் கீழே எடுக்கப்படாத கல்லறைகள் இன்னமும் இருக்கின்றன.

சரி, எடுத்த எலும்புகளை யார் ஆராய்வது? என் பார்வையில் இந்தக் கதையின் மையமே இந்தச் சண்டைதான். முதலில் பொறுப்பேற்ற குழு தடயவியல் வழக்கப்படி மண்டையோட்டையும் இடுப்பெலும்பையும் அளந்து, இது ஆணா பெண்ணா, கறுப்பரா வெள்ளையரா என்று வகை பிரிக்கிற முறையைக் கையில் எடுத்தது. ஹோவார்ட் பல்கலைக்கழகத்தின் மானுடவியலாளர் மைக்கேல் பிளேக்கி இதைக் கடுமையாக எதிர்த்தார். 'கறுப்பர்' என்று முத்திரை குத்துவதால் அந்த மனிதரைப் பற்றி என்ன தெரிந்துவிடும் என்பது அவருடைய கேள்வி. அடிமை வியாபாரி போட்ட முத்திரையும் அதேதானே. ஆப்பிரிக்காவின் எந்தப் பகுதியிலிருந்து வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், இங்கே வந்து எப்படி மாறினார்கள், எப்படி எதிர்த்து நின்றார்கள்: இவற்றைக் கேட்க வேண்டும் என்றார் அவர். இந்தக் கேள்விகளை அவர் தனியாக உட்கார்ந்து எழுதவில்லை. நியூயார்க்கின் கறுப்பின மக்களோடு பேசி, அவர்கள் தெரிந்துகொள்ள விரும்பியதைக் கேட்டு வகுத்தார். ஆய்வுக்குப் பணம் கொடுப்பது அரசாக இருக்கலாம், ஆனால் ஆய்வாளர் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பது வழித்தோன்றல்களுக்கு என்பது அவர் நிலைப்பாடு. 1993இல் எலும்புகள் வாஷிங்டனுக்கு, ஹோவார்டுக்குப் போயின.

கேள்வி மாறியதும் எலும்புகள் சொன்ன பதிலும் மாறியது. இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்களின் முன்பற்கள் அரத்தால் ராவியதுபோல் கூராக்கியோ இடைகுறுக்கியோ வடிவமைக்கப்பட்டிருந்தன. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கச் சமூகங்களில் பருவ வயதில் செய்கிற வழக்கம் அது. அப்படிப் பல் இருந்தால் அவர் ஆப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்து பிறகு கடத்தப்பட்டவர் என்று ஊகிக்க முடிந்தது. பல்லில் படிந்த வேதித் தனிமங்கள் அந்த ஊகத்தைப் பலப்படுத்தின, ஏனென்றால் பிள்ளைப்பருவத்தில் குடித்த தண்ணீரும் தின்ற உணவும் பல்லிலேயே பதிந்துவிடும். நியூயார்க்கிலேயே பிறந்த பிள்ளைகளின் பற்களில் ஈயம் அதிகம் இருந்தது. சத்துக்குறைவும் நோயும் விட்டுப்போன கோடுகளும் அதிகம். ஆப்பிரிக்காவில் வளர்ந்தவர்களின் குழந்தைப்பருவம் இவர்களுடையதைவிட ஆரோக்கியமாக இருந்திருக்கிறது. எடுத்த எச்சங்களில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் குழந்தைகள்.

பெரியவர்களின் எலும்பில் தசை ஒட்டும் இடங்கள் புடைத்தும் கிழிந்தும் இருந்தன. அளவுக்கு மீறிச் சுமை தூக்கியதன் அடையாளம் அது. சிலருக்குக் கழுத்தெலும்பே நொறுங்கியிருந்தது. இது ஆண்களுக்கு மட்டும் நடந்ததல்ல. வடக்கில் அடிமைப் பெண்கள் வீட்டுவேலைதான் செய்தார்கள், அவர்களுக்கு அவ்வளவு கஷ்டமில்லை என்ற பழைய பேச்சை இந்த எலும்புகள் மறுத்துவிட்டன.

கல்லறைகளுக்கு எண் கொடுத்திருந்தார்கள். எண் 25 ஓர் இளம்பெண். இருபது, இருபத்திநான்கு வயதுக்குள் இருக்கும். விலா எலும்புக் கூட்டுக்குள் ஒரு ஈயக்குண்டு கிடந்தது. முகத்தில் அடிபட்டு எலும்பு உடைந்திருந்தது, வலது முன்கை முறுக்கியதால் முறிந்திருந்தது. எலும்பு லேசாக ஆறத் தொடங்கியிருந்ததைப் பார்த்தால், சுடப்பட்ட பிறகு கொஞ்ச நாள் உயிரோடு இருந்திருக்கிறாள் என்று தெரிகிறது. யார் சுட்டார்கள், எதற்கு என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை. எண் 335 இன்னொரு பெண். அவள் முழங்கை மடிப்புக்குள் ஒரு பச்சைக்குழந்தை.

இத்தனை சட்டம் இருந்தும் இவர்களை யாரும் குழியில் போட்டு மூடிவிட்டுப் போகவில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சவப்பெட்டியில் இருந்தார்கள். தலை மேற்கே வைத்து, துணியால் சுற்றி, குண்டூசி குத்திக் கிடத்தியிருந்தார்கள். அந்தக் குண்டூசிகள் அகழாய்வில் நிறையக் கிடைத்தன. மூன்றரை முதல் ஐந்தரை வயதுக்குள் இருக்கும் ஒரு பிள்ளையின் தாடைக்குக் கீழே வெள்ளித் தொங்கட்டான் ஒன்று இருந்தது. பன்னிரண்டு பேருக்கு மேல் வரக்கூடாது என்று சொல்லப்பட்ட அந்தச் சாவு வீட்டில், யாரோ ஒருவர் தன்னிடம் இருந்த வெள்ளியைப் பிள்ளையோடு புதைத்திருக்கிறார்.

ஆசை ஆராய்ச்சியை இழுத்துக்கொண்டு போன இடமும் உண்டு. எண் 101 சவப்பெட்டியின் மூடியில் இரும்பு ஆணிகளால் இதயவடிவம் ஒன்று அடித்திருந்தது. கானா நாட்டு அகான் மக்களின் 'சங்கோஃபா' சின்னம் அது, 'விட்டதைத் திரும்பிப் போய் எடு' என்று பொருள் என ஆய்வுக்குழு கருதியது. அந்த வடிவமே இடுகாட்டின் அடையாளமாகி, நினைவுச்சின்னத்தின் கல்லிலும் ஏறியது. 2010இல் ஒரு வரலாற்றாய்வாளர் இதை மறுத்து எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் அகான் மக்களிடம் அந்தச் சின்னம் இருந்ததற்குச் சான்று இல்லை, அக்காலத்து ஆங்கிலேயர்களின் சவப்பெட்டிகளில் இதயவடிவம் சாதாரணம் என்பது அவர் வாதம். எனக்கு அந்த வாதம் வலுவாகவே தெரிகிறது. ஆனாலும் அது ஆங்கிலேய வழக்கமாகவே இருக்கட்டும்; அடிமைச் சமூகத்தில் ஒருவருக்காக ஐம்பது ஆணியைக் கவனமாக இதயவடிவில் அடித்த கையைப் பற்றிய செய்தி அதனால் சிறுத்துப்போகாது. இப்படிப்பட்ட திருத்தங்களும் வரலாற்றில் சேர வேண்டும். இல்லாவிட்டால், முன்பு இல்லை என்று மூடியதைப் போல இப்போது இருக்கிறது என்று அலங்கரிப்பது நடந்துவிடும்.

1993இல் அந்த இடம் தேசிய வரலாற்றுச் சின்னமானது, 2006இல் தேசிய நினைவிடமானது. மன்ஹாட்டனைத் தொடர்ந்து வேறு ஊர்களிலும் இதே காட்சி நடந்தது. டெக்சாஸின் சுகர் லேண்ட் நகரத்தில், கறுப்பினக் கைதிகளைக் கரும்புத் தோட்டங்களுக்கு வாடகைக்கு விட்ட இடத்தில் அவர்களின் கல்லறைகள் இருக்கும் என்று, முன்னாள் சிறைக்காவலர் ரெஜினால்ட் மூர் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். 2018இல் பள்ளிக்கூடம் கட்டத் தோண்டியபோது 95 பேர் கிடைத்தார்கள். அடிமைமுறை ஒழிந்த பிறகு செத்தவர்கள் அவர்கள். ஃபுளோரிடாவின் டாம்பாவில் 2019இல் குடியிருப்புகளுக்கு அடியில் சயன் என்ற கறுப்பின இடுகாடு கண்டுபிடிக்கப்பட்டது. மேலே வீடுகளில் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு ஊரிலும் பழைய காகிதங்கள் இருந்தன. 2022 டிசம்பரில்தான் ஆப்பிரிக்க அமெரிக்க இடுகாடுகளைக் கண்டறிந்து காக்க மத்திய அரசு நிதி தரும் சட்டம் வந்தது. மேர்ஷால்க் வரைபடத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் நடுவே 267 வருடம்.

2003 அக்டோபரில் அந்த 419 பேரும் திரும்பி வந்தார்கள். கானாவில் கையால் செதுக்கிய மரப்பெட்டிகளில் வந்தார்கள். அவற்றில் சில பெட்டிகள் வாஷிங்டனில் கிளம்பி ஊர் ஊராக அஞ்சலி வாங்கிக்கொண்டு வந்தன. கடைசிக் கட்டத்தில் படகில் ஏற்றி வால் ஸ்ட்ரீட் கரையில், அந்தப் பழைய அடிமைச் சந்தை இருந்த பக்கத்தில், இறக்கினார்கள். அங்கிருந்து ஊர்வலம் இடுகாட்டுக்குப் போனது. எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாத கூட்டம்.

அவர்களில் எண் 340 என்று குறிக்கப்பட்ட ஒரு பெண்ணும் இருந்தாள். நாற்பதைத் தாண்டியவளாக இருக்கலாம். முன்பற்கள் ராவப்பட்டவை, அதனால் ஆப்பிரிக்காவில் பிறந்தவள். இடுப்பைச் சுற்றி மணிகள் கோத்த அரைஞாண் கட்டியிருந்தாள்: பெரும்பாலும் நீலப்பச்சை நிறத்தில் கண்ணாடி மணிகளும், சில சோழிகளும். கயிறு மக்கிப்போய் மணிகள் மட்டும் இடுப்பெலும்பைச் சுற்றி இருந்த வரிசையிலேயே கிடந்தன. எத்தனை வீடுகளில், எத்தனை வருடம் வேலை செய்தாளோ, அந்த மணிகளைக் கழற்றவில்லை. செத்தபோது அவளைக் குளிப்பாட்டித் துணி சுற்றியவர்களும் கழற்றவில்லை. அகழாய்வில் எடுத்த பிறகு அவற்றுக்குப் படியெடுத்துக் காட்சிக்கு வைத்துக்கொண்டார்கள். அசல் மணிகளை அவளோடேயே மறுபடி மண்ணுக்குள் வைத்தார்கள்.